கோழி இல்லை என்று சொன்னேன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நடந்தது இது. என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். நான் நூம்பலில் இருந்து பூந்தமல்லிக்குச் சைக்கிளில் போய், ஒரு மரவாடியில் கட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச வராது. வாய் திறக்காதவனுக்கு மனசுக்குள் யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். என் யோசனை பெரும்பாலும் சந்தேகமாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் பெட்டி செய்யும் பலகைகளை இறக்குவதற்காகத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போனோம். கோழிகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் கம்பெனி. கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பயிற்சிக்கு ஆள் தேவை, ஐந்தாம் வகுப்பு போதும், ஒரு வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் சம்பளமும் மதியச் சாப்பாடும் உண்டு, பிறகு வேலை நிரந்தரம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் பக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பழகுகிறவன்கூட முதல் ஆறு மாதம் டீ வாங்கி வந்து, தரையைப் பெருக்கி, அடியும் வாங்குவான். கற்றுக்கொடுத்து, சோறும் போட்டு, சம்பளமும் தருவானா ஒருத்தன்? வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவிக்கும் அதே எண்ணம்தான்.

"சும்மா எவன்யா துட்டு குடுப்பான்? இன்னா வேலன்னு நல்லா கேட்டியா?"

"கேக்கல."

"நீ எங்க கேப்ப. போய் நில்லு, அவனே சொல்லுவான்."

போய் நின்றேன். எங்களைச் சேர்த்தவர் ஒரு மேடம். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சின்ன சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. தெற்கத்திப் பேச்சு. அவர் சர்டிபிகேட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னார். ஒரு தட்டில் இருந்த பாசிமணிகளை நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "வீட்ல கோழி, வாத்து, புறா, கிளி ஏதாவது வளக்குறீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை மேடம்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஏழு கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. ஒரே அறை வீடு. இருட்டினால் அவையும் எங்களோடு உள்ளேதான்.

ஏன் பொய் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது, அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்காகக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். ஆடு மாடு கோழி உண்டா என்று கேட்டார். அம்மா உள்ளதைச் சொன்னார், இரண்டு ஆடு, நாலு கோழி. பட்டியல் வந்தபோது எங்கள் பெயர் இல்லை. அந்த ஆடு கோழியால்தான் போயிற்று என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் என்ன காரணமோ தெரியாது. அதிலிருந்து, காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு எவர் கேட்டாலும், வீட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். கோழி இருக்கிறது என்றால் வசதிக்காரன் என்று எழுதி, வேறு ஒருவனுக்கு வேலையைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மேடம் எதையோ எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அடுத்து ரத்தம் எடுக்க வேண்டும், நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கமெல்லாம் கிட்னிப் பேச்சுதான். கஷ்டப்பட்டவர்கள் கிட்னியை விற்ற கதைகளும், வேலை தருகிறேன் என்று கூட்டிப்போய் அறுத்துக்கொண்ட கதைகளும் டீக்கடைதோறும் ஓடின. அன்று மாலை என் மனைவி என் சட்டையைத் தூக்கி, இடுப்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

"கைல மட்டுந்தான் குத்துனானா? தூங்க கீங்க வெக்கலயே?"

"இல்ல."

"மயக்கம் வர்ற மாதிரி எதுனா குட்த்தா, துப்பிட்டு ஓடியாந்துரு. சைக்கிளு போனா போவுது."

அந்தப் பயத்தோடுதான் வேலைக்குப் போனேன். மொத்தம் ஒன்பது பேர். காலையில் வந்ததும் போட்டிருக்கும் துணியை எல்லாம் கழற்றிவிட்டு, தலைக்குச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தாயத்து, அரைஞாண் கயிறு எதுவும் கூடாது. நகத்தைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு அவர்கள் தரும் வெள்ளைச் சட்டை, கால்சட்டை, தொப்பி, முகமூடி. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே நான் யாரென்று தெரியவில்லை.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை, முட்டை பார்ப்பது. கருவுள்ள முட்டைகள் டிரே டிரேயாக வரும். ஓர் இருட்டறை. நடுவே ஒரு பெட்டி, அதன் மேல் பக்கம் ஒரு ஓட்டை, உள்ளே விளக்கு. முட்டையின் அகன்ற பக்கத்தை அந்த ஓட்டையில் வைத்தால் முட்டை முழுக்கச் செக்கச் சிவந்து ஒளிரும். உயிருள்ள முட்டை என்றால் சிவப்பு நூல் போல நரம்புகள் பரவியிருக்கும், மிளகு போல ஒரு கண் தெரியும், அது அசையும். செத்த முட்டையில் நரம்பு கலைந்து ஒரு ரத்த வளையம் மட்டும் நிற்கும். உயிருள்ளதைப் பிரித்து, உள்ளே காற்று நிற்கும் இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த அறையில் ஊசியால் நோய்க்கிருமியை உள்ளே விடுவார்கள், ஓட்டையை மெழுகால் அடைப்பார்கள். முட்டைக்குள் அந்தக் கிருமி பெருகும். அந்த நீரை எடுத்துத்தான் மருந்து செய்வார்கள்.

மற்றவர்கள் முதல் வாரம் முழுக்கத் திணறினார்கள். எனக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. அடை வைத்த முட்டையைக் கை மூடி வெயிலில் பிடித்து, உள்ளே கரு கட்டியிருக்கிறதா என்று பார்க்க என் மனைவி எனக்குப் பழக்கியிருந்தாள். மேடம் என் டிரேயைத் திரும்பச் சோதித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா தம்பி?"

"இல்ல மேடம், சும்மா தோணுச்சு" என்றேன். முகமூடி இருந்ததால் முகம் தெரியவில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கை வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவருக்கு. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். வாய் ஓயாமல் பேசுவார். அன்று அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா மாமே, முட்டைய கொயந்தய தூக்குற மாதிரி தூக்குற?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து அவர் என்னை விடவில்லை. தினமும் குளியலறை வாசலில் எனக்காக நிற்பார். "தலைக்கு நல்லா போட்டியா மாமே? நகத்த காட்டு. இன்னொரு வாட்டி தேச்சுக்கோ" என்று பிரஷ்ஷைக் கையில் திணிப்பார். வேறு யாரிடமும் அவர் இப்படி நடந்துகொள்ளவில்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள். ஏதோ என்னை மட்டும் அழுக்கன் என்று காட்டுகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனாலும் தேய்த்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாள் காலை சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவர் என் சைக்கிளைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். இன்னொரு நாள் ஒரு துணியால் என் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சும்மா, தூசு" என்றார்.

அடுத்தவன் சைக்கிளைச் சும்மா யார் துடைப்பார்கள்? கம்பெனி வைத்த உளவாளி என்று முடிவு கட்டினேன். அவர் சாப்பிடும் பெஞ்சில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

இப்படியே பத்து மாதம் போயிற்று. கிட்னி பத்திரமாக இருந்தது. சம்பளமும் சொன்ன தேதிக்கு வந்தது. வீட்டில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு நாள் என் மனைவி கேட்டாள், "மாட்டாஸ்பத்திரில கோயிக்கு சொட்டு மருந்து குடுக்கறாங்களாம். நம்மளுத தூக்கினு போவட்டா? நீ செய்ற மருந்து தான?"

வேண்டாம் என்று சொன்னேன். அதோடு விடவில்லை. பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி விளக்கமும் கொடுத்தேன். "அதுல இன்னா கீதுன்னு எனக்குத்தான் தெரியும். நோயத்தான் புடிச்சு உள்ள வெக்கறாங்க. நல்லா கீற கோயிக்கு அத எதுக்கு ஊத்தணும்?" அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். வலுக்குறைந்த கிருமியைக் கொடுத்தால் உடம்பு எதிர்க்கப் பழகும் என்று மேடம் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். நான் கேட்டிருந்தேன். நம்பவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி முடிய இரண்டு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கறுப்புக் கோழி சுவரோரம் ஒடுங்கி நின்றது. இறக்கை தொங்கியது. வெள்ளை வெள்ளையாகக் கழிந்தது. மாலைக்குள் கழுத்து முறுக்கிக்கொண்டு செத்துப்போனது. திங்கட்கிழமை காலையில் இன்னும் இரண்டு.

என் முதல் சந்தேகம் கம்பெனி மேல்தான். என் உடம்பில் ஒட்டிக்கொண்டு அந்தக் கிருமி வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடு சைக்கிளை மிதித்து வேலைக்குப் போனேன். அயனம்பாக்கம் ஏரிக்கரை பக்கம் போகும்போது, கோபம் தானாகவே திசை மாறியது. அங்கிருந்து இங்கே வர முடியும் என்றால், இங்கிருந்து அங்கே போகவும் முடியும். கோழி உண்டா என்று மேடம் ஏன் கேட்டார் என்பது பத்து மாதம் கழித்து அந்த ஏரிக்கரையில்தான் எனக்கு உறைத்தது.

திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உண்மையைச் சொன்னால் பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் மரவாடி. நன்றாகத்தான் குளிக்கிறோமே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் போய் முட்டைகளைத் தொட்டேன். அந்த நாட்களில் நகத்தை யாரும் சொல்லாமலே நான் மூன்று முறை தேய்த்தேன்.

ஊசி போடாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு பகுதி முட்டைகளைத் தனியாக வைத்திருப்பார்கள். அவை சாகக் கூடாது. புதன்கிழமை மதியம் அவற்றைப் பார்த்தபோது வரிசையாக ரத்த வளையம். மேடம் வந்து பார்த்தார். வேலையை நிறுத்தச் சொல்லி, எங்கள் ஒன்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"யார் வீட்லயாவது கோழி இருக்கா? கோழிப் பண்ணைக்கு யாராவது போனீங்களா? இப்ப சொல்லிருங்க."

ஒருவன், வேப்பம்பட்டுக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் கோழிப் பண்ணை இருப்பதாகச் சொன்னான். மேடம் அவரைப் பார்த்தார். அவர் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பண்ண கீது மேடம். நான் உள்ள போனதில்ல" என்றார். விசாரித்து முடிக்கும் வரை வெளியில் இருக்கச் சொன்னார் மேடம். அவர் வெள்ளை உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் பழைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு முதலில் தோன்றியது, உளவாளி போய்த் தொலைந்தான் என்ற நிம்மதிதான்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் வாட்ச்மேன் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் பார்த்தேன், அங்கேயே இருந்தார். உள்ளே சாப்பாடு போடுவார்கள் என்பதால் அவர் டப்பா எதுவும் கொண்டுவரவில்லை. வாட்ச்மேன் கொடுத்த பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, விரல்களை மடக்கி, நகத்தைத் தேய்ப்பது போலச் சைகை காட்டினார். அவர் சிரிக்கவில்லை.

நான் சாப்பாட்டு அறைக்குப் போகவில்லை. மேடம் அறைக்குப் போனேன். அவர் இரண்டு தடவை என்ன என்று கேட்ட பிறகு, "எங்க ஊட்ல கோயி இருந்துச்சு மேடம். செத்துகினு கீது" என்றேன். கழுத்து முறுக்கியதையும் கழிச்சலையும் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எப்பலருந்து?"

"ஞாயித்துக்கெயம."

"இத்தன நாளும் உள்ள வந்தீங்களா?"

தலையாட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. அன்று அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை எடுத்து, திங்கட்கிழமையிலிருந்து நான் தொட்ட டிரே அத்தனையையும் நீராவிக் கொதிகலனில் போட்டு அழிக்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான முட்டைகள். பெரும்பாலும் உயிருள்ளவை, நானே விளக்கில் பார்த்து, பென்சிலால் கோடு போட்டவை. அப்புறம் என்னிடம், "சேரும்போது கேட்டேனே, ஏன் இல்லைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

வீடு கணக்கெடுக்க வந்தவர் கதையைச் சொன்னேன். வாழ்நாளில் நான் ஒருவரிடம் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் கேக்குறேன்னு நானும் சொல்லல, இல்ல?" என்றார். பிறகு, மூன்று வாரம் கம்பெனிப் பக்கம் தலைகாட்டக் கூடாது, அதன் பிறகு வந்து பார்க்கவும் என்றார். வேலை உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

கேட் பக்கம் வந்தேன். வேப்பம்பட்டுக்காரரைத் திரும்ப உள்ளே கூப்பிட ஆள் வந்திருந்தது. என்னைத் தாண்டிப் போனவர் நின்றார்.

"சொல்லிட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும் மாமே. ஊட்ல கோயி இல்லன்றான், சைக்கிளு கேரியர்ல எச்சமா கீது. காக்கா வந்து டபுள்ஸா ஏறிகினு வரும்?"

ராத்திரி சைக்கிளையும் வீட்டுக்குள்தான் வைப்போம், இருட்டினால் எங்கள் சேவல் அந்தக் கேரியரில்தான் ஏறி உட்காரும். அது எனக்கு ஞாபகமே இல்லை. பத்து மாதம் அந்த எச்சத்தைத் துடைத்ததும், என் நகத்தைத் தேய்க்க வைத்ததும் இதற்காகத்தான்.

"அப்ப நேத்து ஏன் சொல்லல?"

"கைல புள்ள வெச்சுகினு கீற. ஒரு நாள் பாக்கலாம்னு இருந்தேன். நீ வாயே தொறக்காம போயிருந்தா, நாளிக்கு நானே சொல்லியிருப்பேன். நான் இன்னா சாமியா?" என்றவர் இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார். "மொத நாளே மேடம்கிட்ட சொல்லியிருக்கணும் மாமே. நானுந்தான்."

வீட்டுக்கு வந்தபோது கோழியும் சேவலுமாக எட்டும் செத்துப்போயிருந்தன. என் மனைவி கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் மட்டும் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர்கள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ச் சொட்டு மருந்து போட்டு வந்தவர்கள். அவள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஊரு கோயிக்கெல்லாம் மருந்து செஞ்ச. நம்ம கோயிய மட்டும் உன் சந்தேகத்துக்குக் குட்த்துட்ட."

மூன்று வாரம் கழித்துப் போனேன். அந்த முட்டைகள் செத்ததற்குக் காரணம் என் வீட்டுக் கோழிகளின் நோய் இல்லை என்று சோதனையில் தெரிந்திருந்தது. முட்டைகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டருக்குள் காற்றைச் சுழற்றும் ஃபேனின் பெல்ட் தளர்ந்து, ஒரு மூலையில் மட்டும் சூடு ஏறியிருக்கிறது. மேடம் அதைச் சொல்லிவிட்டு, "அதனால நீங்க செஞ்சது சரின்னு ஆகாது" என்றார். என் பயிற்சியை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். என்னோடு சேர்ந்த எட்டுப் பேருக்கும் வேலை நிரந்தரமான பிறகும் நான் பயிற்சி ஆளாகவே இருந்தேன். பிறகு எனக்கும் நிரந்தரமாயிற்று. இன்றுவரை அதே வேலைதான். வீட்டில் அதற்குப் பிறகு ஒரு கிளிகூட வளர்த்ததில்லை.

அடுத்த வருடம் புதிதாக ஆள் எடுத்தபோது, முட்டை டிரேயை வைப்பதற்காக அந்த அறைக்குப் போனேன். மேடம் வந்தவர்களை உட்கார வைத்து, கோழி நோய் எப்படிப் பரவும், வீட்டுக் கோழியால் இங்கே என்ன ஆகும், கோழி இருக்கிறது என்று சொன்னால் அதனால் வேலை போகாது என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாலு பேர் கை தூக்கினார்கள். மேடம் என் பக்கம் திரும்பவில்லை. நான் டிரேயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். இன்றும் யாராவது என்னைக் கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்த்தால், இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். உடனே, ஒருவர் பத்து மாதம் சத்தமில்லாமல் துடைத்த அந்தச் சைக்கிள் கேரியர் ஞாபகம் வரும், நான் குனிந்து என் நகங்களைப் பார்த்துக்கொள்வேன்.